புரியாத வாத்தியாரும் மிதக்கும் பேரிங்கும்

  

மலருக்குக் கட்டுரை வேண்டும், துறை சம்பந்தமாகவும் இருக்க வேண்டும், சிவில்காரரும் எலெக்ட்ரிகல்காரரும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்கவும் வேண்டும் என்று மலர்க்குழுவினர் நிபந்தனை போட்டுவிட்டார்கள். நான் ஐந்தாண்டு பி.இ. மெக்கானிக்கல் முடித்து 1983-ல் வெளியே போனவன். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்ரஸர்களோடுதான் குடித்தனம். ஆகவே எனக்குப் பழக்கமான பேரிங்கையும் எண்ணெயையும் வைத்து ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ். ரெய்னால்ட்ஸ் எண் என்று திரவ இயக்கவியல் வகுப்பில் மனப்பாடம் பண்ணினோமே, அந்த ரெய்னால்ட்ஸ்தான். எண் எல்லாருக்கும் தெரியும், ஆளைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவர் ஒரு கல்லூரி வாத்தியார். அதுவும் நடத்துவது பாதிப் பேருக்குப் புரியாத வாத்தியார். அதனால்தான் சந்திப்பு மலருக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று தோன்றியது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1842 ஆகஸ்ட் 23-ந் தேதி, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியரும்கூட. கேம்பிரிட்ஜில் கணக்கில் ராங்க்ளர் பட்டம் வாங்கியவர். வேதப் புத்தகத்தோடு நிற்காமல் விவசாயக் கருவிகளை மேம்படுத்திக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். கணக்கும் இரும்பும் ஒரே வீட்டில் இருந்தால் பிள்ளை என்னவாகும்? சின்ன வயதிலிருந்தே இயந்திரப் பைத்தியம்.

குடும்பம் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதிக்கு வந்துவிட்டது. பையனுக்கு 19 வயதானபோது அப்பா நேரே கல்லூரிக்கு அனுப்பவில்லை. ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் எட்வர்ட் ஹேய்ஸ் என்பவரின் பட்டறையில் அப்ரன்டிஸாகச் சேர்த்துவிட்டார். கை கறுத்து, நகத்துக்குள் கிரீஸ் ஏறின பிறகுதான் கேம்பிரிட்ஜ், குயின்ஸ் கல்லூரி. பட்டறையில் கண்ணால் பார்த்ததற்கெல்லாம் காரணம் சொல்லக் கணக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனவர் என்பதால் கணக்கை விரும்பிப் படித்தார். 1867-ல் ஏழாவது ராங்க்ளராகத் தேறினார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அந்த வரிசையில் ஏழாவது ஆள்.

லண்டனில் ஒரு சிவில் பொறியாளரிடம் கொஞ்ச நாள் வேலை. அதற்குள் மான்செஸ்டரிலிருந்து அழைப்பு. பஞ்சாலைகளும் இன்ஜின் தொழிற்சாலைகளும் புகை கக்கிக் கொண்டிருந்த ஊர் அது. அந்த ஊர்த் தொழிலதிபர்கள் முனைந்து, ஓவன்ஸ் கல்லூரியில் இன்ஜினியரிங்குக்கு என்று ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியிருந்தார்கள். 1868-ல், 25 வயதில், ரெய்னால்ட்ஸ் அதில் உட்கார்ந்தார். 1905-ல் ஓய்வு பெறும்வரை 37 வருஷம் வேறு எங்கும் போகவில்லை. அந்தக் கல்லூரிதான் வளர்ந்து இன்றைய மான்செஸ்டர் பல்கலைக்கழகமாகியிருக்கிறது.

வேலை கிடைத்த அதே வருஷம் கல்யாணம். அடுத்த வருஷமே மனைவி சார்லட் இறந்துபோனார். பன்னிரண்டு வருஷம் தனியாக இருந்துவிட்டு 1881-ல்தான் மறுமணம் செய்துகொண்டார். அந்தத் தனிமைக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளின் பட்டியலைப் பார்த்தால், துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கரைத்தார் என்று ஊகிக்கலாம்.

வகுப்பறையில் ரெய்னால்ட்ஸ்

எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் 14 வயதில் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்ந்து, இவரிடம் படித்தவர். வயதான காலத்தில் தன் வாத்தியாரைப் பற்றி அவர் நினைவுகூர்ந்திருக்கும் சங்கதிகள் நம்ம ஹாஸ்டல் வராந்தாவில் பேசிக்கொண்ட மாதிரியே இருக்கும்.

வகுப்பு இருக்கிறது என்பதையே ரெய்னால்ட்ஸ் சில நாள் மறந்துவிடுவாராம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மாணவர்கள் காவலாளியை அனுப்புவார்கள். அங்கியை மாட்டிக்கொண்டே ஓடி வருவார். மேஜையில் இருக்கும் ராங்கின் எழுதிய பாடப்புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறப்பார், கண்ணில் பட்ட சூத்திரம் தப்பு என்பார். அதை நிரூபிக்கக் கரும்பலகைக்குப் போய், பசங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனக்குத் தானே பேசியபடி எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். மணி அடிக்கும் நேரத்துக்கு, ராங்கின் சொன்னதுதான் சரி என்று முடிப்பார். இன்னொரு நாள் ஸ்லைடு ரூல் சொல்லிக் கொடுக்கிறார். மூன்றையும் நான்கையும் பெருக்கிக் காட்டினார். விடை 11.8 என்று வந்தது. வகுப்பு சிரித்தது. நம் காரியத்துக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாராம்.

ஆனால் தாம்சன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எந்தப் பிரச்சினை வந்தாலும் அடுத்தவர் எழுதினதைப் படிக்கிறதுக்கு முன்னால் முதலிலிருந்து தானே யோசிக்கிற மனிதர் என்றுதான் மரியாதையோடு சொல்கிறார். யோசிப்பது எப்படி இருக்கும் என்பதைக் கண் எதிரே பார்த்த பாக்கியம் அந்த மாணவர்களுக்கு. தாம்சனே பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்.

1883-ல் செய்த கண்ணாடிக் குழாய்ச் சோதனை உலகப் பிரசித்தம். தண்ணீரோட்டத்துக்குள் ஒரு சாயக் கோடு. வேகம் குறைவாக இருந்தால் கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், வேகம் கூடினால் ஒரு கட்டத்தில் கலைந்து சிதறும். எப்போது சிதறும் என்பதைச் சொல்லும் எண்தான் ரெய்னால்ட்ஸ் எண். அந்தக் கருவி இன்னும் மான்செஸ்டரில் இருக்கிறது. பின்னாளில் அதே கருவியில் சோதனை செய்தபோது, தெருவில் ஓடும் கார், லாரிகளின் அதிர்வால் கோடு அவர் காலத்தைவிட முன்னதாகவே கலைந்ததாம்!

தக்கை தெறித்த கதை

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். ரயில் அச்சும் இன்ஜின் தண்டும் பேரிங்கில் சூடேறிப் பிடித்துக்கொள்வது அந்தக் காலத்துத் தீராத தலைவலி. உராய்வைப் பற்றி முறையாகச் சோதனை செய்ய இங்கிலாந்தின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் பீச்சம் டவர் என்ற பொறியாளரை நியமித்தது.

டவர் 4 அங்குல விட்டமுள்ள தண்டு ஒன்றைச் சுழலவிட்டார். தண்டின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். மேலே பித்தளையில் பாதி வளையமாக ஒரு பேரிங், அதன்மேல் சுமை. மேலிருந்தும் எண்ணெய் விடலாமே என்று பேரிங்கின் உச்சியில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டார். தண்டைச் சுற்றினால், எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை வைத்து அடைத்தார், அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. சரியென்று ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டி ஓடியது. பேரிங் மேல் அவர் வைத்திருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான்!

அடுத்த கட்டத்தில் பேரிங்கின் பல இடங்களில் அழுத்தத்தை அளந்து கூட்டிப் பார்த்தார். எண்ணெய் மேலே தூக்கும் விசை 7988 பவுண்டு. மேலே இருந்த சுமை 8008 பவுண்டு. அதாவது அத்தனை சுமையையும் எண்ணெயே தாங்கிக்கொண்டிருக்கிறது! இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இடையில் மிதக்கிறது தண்டு.

ஏன் மிதக்கிறது என்று டவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வேலை அளப்பது, அதை நேர்மையாகச் செய்தார். காரணம் சொன்னவர் ரெய்னால்ட்ஸ். 1886-ல் வந்த அவருடைய கட்டுரைதான் இன்றைக்கும் உயவு இயலுக்கு அஸ்திவாரம்.

எண்ணெய் ஆப்பு

சாரத்தைச் சூத்திரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். பேரிங் துளை தண்டைவிட இம்மியளவு பெரிசு. 25 மில்லிமீட்டர் தண்டு என்றால் இடைவெளி ஏறத்தாழ 25 மைக்ரான், நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. சுமை இருப்பதால் தண்டு நடுமையத்தில் நிற்காமல் ஒதுங்கி நிற்கும். ஆகவே இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். சுழலும் தண்டு தன்மேல் ஒட்டிய எண்ணெயை அகலமான பக்கத்திலிருந்து குறுகலான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அகலத்தில் நுழைந்த எண்ணெய் முழுக்கக் குறுகலில் எப்படிப் போகும்? திருவிழாக் கூட்டம் குறுகலான சந்துக்குள் நுழைகிற மாதிரி நெரிசல். அந்த நெரிசல்தான் அழுத்தம், அதுதான் தண்டைத் தூக்குகிறது. மரத்தில் ஆப்பு இறக்கிப் பிளக்கிறோமே, அதைப்போல இது எண்ணெயால் ஆன ஆப்பு.

ஆக மூன்று வேண்டும். எண்ணெய்க்குப் பாகுத்தன்மை வேண்டும், பரப்புகளில் ஒன்று நகர வேண்டும், இடைவெளி குறுகிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பரப்பும் சம இடைவெளியில் இருந்தால், இந்தக் கணக்குப்படி, தூக்கும் விசையே பிறக்காது. பரப்பின் வடிவத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்று கண்டதுதான் ரெய்னால்ட்ஸின் பெருமை. சூடேறினால் எண்ணெய் இளகுமே, அதையும் விடவில்லை. ஆலிவ் எண்ணெயின் பாகுத்தன்மை வெப்பத்தோடு எப்படிக் குறைகிறது என்று தானே அளந்து கணக்கில் சேர்த்தார்.

இந்தக் கட்டுரையை உடனே யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்பவர் இதன் அடிப்படையில், சின்னச் சின்னப் பலகைகள் தாமே சாய்ந்து ஆப்பை உண்டாக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு 1905-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் கிங்ஸ்பரி தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். கப்பலின் புரொப்பெல்லர் தண்டும், நீர்மின் நிலையத்தின் ராட்சத ஜெனரேட்டரும் அந்த வகைப் பேரிங்கில்தான் சுழல்கின்றன. 1918-ல் ரேலி பிரபு இன்னொன்று காட்டினார். சரிவுகூட வேண்டாம், பரப்பில் ஒரே ஒரு சின்னப் படிக்கட்டு இருந்தாலே போதும், அழுத்தம் பிறக்கும்.

கம்ப்ரஸருக்குள் ஒரு குழி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐஸ் ஃபேக்டரியின் அமோனியா கம்ப்ரஸரைப் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை ஈய மெட்டல் போட்ட பேரிங். எங்கள் தலைமை ஃபிட்டர் புளூ தடவி, தண்டை உருட்டி, பட்ட இடத்தை ஸ்கிரேப்பரால் செதுக்குவார். முடிந்ததும் பேரிங் முகத்தில் பிறை பிறையாகச் சுவடு நிற்கும். அதைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாமே என்று ஒரு அப்ரன்டிஸ் பையன் கேட்டான். எண்ணெய் உட்கார இடம் வேண்டாமாடா என்று ஒரே வரியில் அவனை அடக்கிவிட்டார். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர். செதுக்குவதன் முதல் காரியம் தண்டு எல்லா இடத்திலும் சீராகப் பொருந்துவதுதான். ஆனால் அந்தப் பிறைச் சுவடுகளில் எண்ணெய் தங்குகிறது என்பதை அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அவர் கையால் செய்ததை இன்று லேசரால் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். 1966-லேயே ஹாமில்டன், வாலோவிட், ஆலன் என்ற மூவர் பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களே சுமையைத் தாங்கும் என்று காட்டினார்கள். 1990-களில் இஸ்ரேலின் டெக்னியானில் எட்சியன் என்ற பேராசிரியரின் குழு லேசரால் குழி போடும் முறையை வளர்த்தெடுத்தது. குழி ஒன்றின் அகலம் சுமார் 100 மைக்ரான், ஆழம் சில மைக்ரான். ஆயிரக்கணக்கில் வரிசையாக இருக்கும். விரலால் தடவினால் தெரியாது.

குழி என்ன செய்கிறது? எண்ணெய் குழிக்குள் இறங்கும் பக்கம் இடைவெளி அகலமாகிறது, அழுத்தம் இறங்கப் பார்க்கிறது. ஆனால் ஓரளவுக்கு மேல் இறங்க முடியாது, எண்ணெய்ப் படலம் உடைந்து ஆவியோ வாயுவோ அங்கே வந்துவிடும். ஏறும் பக்கம் இடைவெளி குறுகுகிறது, அழுத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். இறக்கம் கொஞ்சம், ஏற்றம் நிறைய. நிகர லாபம், தூக்கும் விசை! ஒவ்வொரு குழியும் ரெய்னால்ட்ஸின் ஒரு குட்டி ஆப்பு. சம இடைவெளியில் கிடக்கும் தட்டையான பரப்புகூட இப்படித் தூக்கும் சக்தி பெறுகிறது. போதாக்குறைக்குக் குழி எண்ணெயைச் சேமித்து வைக்கும், தேய்ந்த துகளையும் வாங்கிக்கொள்ளும்.

இது ஏன் கம்ப்ரஸருக்கு முக்கியம்? வீட்டு ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மூடின கலத்துக்குள் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பல தடவை நின்று நின்று ஓடும். கிளம்பும் அந்த நொடியில் வேகம் இல்லை, அதனால் ஆப்பு இல்லை, உலோகத்தோடு உலோகம் உரசும். குளிரூட்டும் வாயு எண்ணெயில் கரைந்து அதை நீர்க்கச் செய்துவிடும். பழைய ஆர்-12 வாயுவில் இருந்த குளோரின் உலோகப் பரப்புக்கு ஒரு பாதுகாப்பாவது கொடுத்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்ததும் அந்தப் பாதுகாப்பும் போனது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த இப்போது இளகின எண்ணெய் போடுகிறார்கள், இன்வெர்ட்டர் வைத்து வேகத்தையும் குறைக்கிறார்கள். பாகு குறைந்தால் இழுவை குறையும், உண்மைதான். ஆனால் படலமும் மெலிந்துவிடும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் படலம் அறுந்து, குறைந்த உராய்வு ஒரேயடியாக எகிறும். இந்த எல்லையைத்தான் 1902-ல் ஜெர்மனியின் ஸ்ட்ரிபெக் வரைந்த வளைகோடு காட்டுகிறது. சரியான இடத்தில் போட்ட குழி அந்த எல்லையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவைக்கும். அதனால் படலம் அறுபடாமல் உராய்வைக் குறைக்க வழி பிறக்கிறது.

சரியான இடத்தில் என்று சொன்னதைக் கவனியுங்கள். கண்ட இடத்தில் குழி போட்டால், உருவாகியிருக்கிற அழுத்தத்தைக் குலைத்து உராய்வைக் கூட்டியும்விடும். எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நெருக்கம் என்று முடிவு செய்ய இன்று கணினியில் தீர்க்கும் சமன்பாடு எது தெரியுமா? அதே 1886-ம் வருஷத்து ரெய்னால்ட்ஸ் சமன்பாடு!

கடைசி நாட்கள்

ரெய்னால்ட்ஸ் 1877-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 1888-ல் அதன் ராயல் பதக்கமும் பெற்றார். புகழ் இருந்தது. ஆனால் முடிவு சோகம். பேரண்டம் முழுவதும் நுண்மணிகளால் நிரம்பியது என்று ஒரு பெரும் கொள்கையை எழுப்பி 1903-ல் புத்தகமாக வெளியிட்டார். படித்தவர்களுக்கு அது விளங்கவில்லை, காலமும் அதை ஏற்கவில்லை. அதற்குள் அவர் மனத்தெளிவும் தளர ஆரம்பித்துவிட்டது. 1905-ல் வேலையை விட்டார். 1908-ல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு அந்தக் குழாய்ச் சோதனையின் எண்ணுக்கு ரெய்னால்ட்ஸ் எண் என்று பெயர் சூட்டியபோது, அந்தப் பெயருக்கு உரியவரின் அறிவு விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. 1912 பிப்ரவரி 21-ல் சாமர்செட் பகுதியில் கடலோர ஊரான வாட்செட்டில் காலமானார்.

உலகத்தில் சுழலும் தண்டுகளுக்கெல்லாம் மிதக்கும் ரகசியத்தைச் சொன்ன மனிதர், கடைசியில் தன் எண்ணத்தையே பிடித்து வைக்க முடியாமல் போனார். இதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும். அவர் கையிலிருந்து நழுவிய சமன்பாட்டை அவருடைய மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும், அவரைப் பார்த்தேயிராத மிச்செல்களும் கிங்ஸ்பரிகளும் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரி என்பது அதற்குத்தானே இருக்கிறது?

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வார்த்தை. சோதனைச் சாலையில் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எண்ணெய் வழிந்தால் துணியால் துடைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டை மூடிவிடாதீர்கள். டவர் தக்கையோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை, கேஜை மாட்டினார் பாருங்கள், அங்கேதான் விஷயம். அடுத்து, வகுப்பில் ஒருவர் கரும்பலகையைப் பார்த்துத் தனக்குத் தானே பேசிக்கொண்டு எழுதி எழுதி அழித்தால் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள். அன்றைக்குப் புரியாமல் போகலாம், இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும்போது புரியும்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சந்திப்பு நாளில் நம் பழைய ஆசிரியர்கள் மேடையில் வந்து அமர்வார்கள். நாம் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவர்களும் அதில் இருப்பார்கள். சிலருக்கு நம் முகம்கூட நினைவிருக்காது. பரவாயில்லை, பக்கத்தில் போய்ப் பெயரைச் சொல்லி, அவர் நடத்திய பாடம் எங்கே உதவியது என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாருங்கள். ரெய்னால்ட்ஸுக்குக் கிடைக்காத அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

சந்திப்பு சிறக்க, கல்லூரி செழிக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.

— முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை (1978–83)